ஒரு டிரெய்லர், மூன்று பிக்கப்: ஃபிரிஸ்கோவிலிருந்து கொலராடோ மலை வரை

புறப்படுவதற்கு முந்தின நாள்

நாங்கள் இருப்பது டெக்ஸாஸில், டல்லாஸ் புறநகரான ஃபிரிஸ்கோவில். போன இலையுதிர் காலத்தில் மூன்று குடும்பம் சேர்ந்து 25 அடி டிரெய்லர் ஒன்று வாங்கினோம். இரண்டு கட்டில், சின்ன அடுப்பு, கழிப்பறை, ஏசி எல்லாம் உள்ளேயே இருக்கிற வகை. இழுக்க மூன்று வீட்டிலும் பிக்கப் இருக்கிறது. என்னிடம் 2021 ஃபோர்டு எஃப்-150, 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் என்ற டர்போ எஞ்சின். என் மச்சானிடம் (மனைவியின் தம்பி) 2020 ராம் 1500, 5.7 லிட்டர் ஹெமி என்ற எட்டு சிலிண்டர் (வி8) எஞ்சின். அடுத்த தெரு மதுரை நண்பரிடம் டொயோட்டா டன்ட்ரா, இரட்டை டர்போ வி6. மூன்றுமே நான்கு கதவு, ஐந்தரை அடித் தொட்டி. ஒன்பது மாதமாக மூவரும் சந்திக்கும்போதெல்லாம் எது நல்ல வண்டி என்ற பேச்சுதான். சரி, ஒரே டிரெய்லரை மூன்றிலும் மாற்றி மாற்றி மாட்டி கொலராடோ போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. தினமும் இரவு அன்றைய கணக்கை இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தடவை அப்பாவும் அம்மாவும் நாமக்கல்லில் இருந்து வந்திருக்கிறார்கள். அப்பா 38 வருடம் லாரி ஓட்டியவர், கடைசி 16 வருடம் சொந்த வண்டி. டிரெய்லரைச் சுற்றி வந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வியே, "எடைமேடையில ஏத்துனியா கண்ணு?" என்பதுதான். ஒன்பது மாதத்தில் நாங்கள் மூன்று பேரும் அதைச் செய்யவே இல்லை.

இங்கே நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்று எடைமேடை இருக்கிறது. நீளமான மேடை, துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள், முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக எடை சொல்லும். முதலில் டிரெய்லரோடு ஏற்றினோம், அப்புறம் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் ஏற்றினோம். தண்ணீர், அரிசி, பாத்திரம், கூடாரம் எல்லாம் ஏற்றிய நிலையில் டிரெய்லர் 6,900 பவுண்டு, அதாவது மூன்று டன்னுக்குச் சற்று மேல். அதில் 880 பவுண்டு ஹிட்ச் பந்தின் மேல், அதாவது டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டின் மேல் இறங்குகிறது. இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். இந்த மாதிரி டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் இருந்தாக வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்துவிடும், பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இத்தனை நாள் கவனிக்காத விஷயம். விளம்பரத்தில் என் வருட எஃப்-150க்கு 14,000 பவுண்டு, ராமுக்கு 12,750, டன்ட்ராவுக்கு 12,000 இழுக்கும் என்று போடுகிறார்கள். அதெல்லாம் அந்த வரிசையில் மிக அதிகமாக இழுக்கக்கூடிய ஒரே ஒரு அமைப்புக்கான எண். நம் வாசலில் நிற்கும் வண்டிக்கான எண் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பேலோடு. டிரெய்லர் பந்தின் மேல் இறக்கும் 880 பவுண்டும் இந்தக் கணக்கில்தான் வருகிறது, ஏனென்றால் அந்த எடையைச் சுமப்பது டிரக்கின் பின் அச்சு.

என் வண்டி ஸ்டிக்கரில் 1,610. டங் வெயிட் 880, எடையைப் பிரித்துவிடும் ஹிட்ச் சாமான் மட்டும் 80. மீதி 650. நான், மனைவி, மகள், அப்பா ஏறினால் 530. அம்மாவும் ஏறினால் 660, பத்து பவுண்டு கூடிவிட்டது. தொட்டியில் இன்னும் ஒரு சாமான்கூட வைக்கவில்லை.

டன்ட்ராவில் 1,500. மீதி 540, மூன்று பேர் தாராளமாகப் போகலாம்.

ராமில் 1,180. மச்சான் வாங்கும்போது கண்ணாடிக் கூரை, ஏர் சஸ்பென்ஷன், பெரிய சக்கரம், எல்லா சீட்டும் தோல் என்று மேல்தட்டு மாடலாக எடுத்தார். அந்த வசதி ஒவ்வொன்றும் எடை, ஒவ்வொன்றும் பேலோடில் கழிந்துவிடுகிறது. டிரெய்லரை மாட்டிய பிறகு மிச்சம் 220 பவுண்டு. ஓட்டுபவர் ஒருவர், ஒரு தண்ணீர் கேன், அவ்வளவுதான். 11,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று சொல்லி விற்ற வண்டியில் 6,900 பவுண்டு டிரெய்லரை மாட்டினால் மனைவியைக்கூட ஏற்ற முடியாது. மச்சான் ஸ்டிக்கருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

அதனால் ஏற்பாடு இப்படி: எந்த டிரக் இழுக்கிறதோ அதில் ஆள் குறைவு, சாமான் கிடையாது. மற்ற இரண்டிலும் மீதி ஆட்களும் ஐஸ் பெட்டியும் விறகும்.

முதல் நாள்: ஃபிரிஸ்கோ – பாலோ டூரோ

காலை ஆறு மணிக்கே எஃப்-150இல் மாட்டினோம். மாட்டுவதற்கு முன் முன்சக்கர வளைவின் உயரத்தை டேப் வைத்து அளந்தேன், 38 அங்குலம். டிரெய்லரை இறக்கியதும் 39¼. பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது, அதாவது ஸ்டியரிங் பிடிக்கிற சக்கரத்தில் பாரம் குறைந்துவிடுகிறது. ஹிட்சின் இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்பிரிங் கம்பிகளை நெம்பி மாட்டியதும் 38½க்கு வந்தது. அப்பா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே, "நம்மூர்ல லோடைப் பின்னால ஏத்திட்டா ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆயிடும், அதே கணக்குதான்" என்றார்.

டென்டன், டிகேட்டர், அப்புறம் 287ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் விச்சிட்டா ஃபால்ஸ், வெர்னன், சில்ட்ரஸ் என்று வடமேற்காக ஏறிக்கொண்டே போகிறது. பருத்திக் காடு, காற்றாலை, மறுபடியும் பருத்திக் காடு. விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டியதும் பக்கவாட்டுக் காற்று பிடித்துக்கொண்டது. எக்கோபூஸ்டுக்கு 400 குதிரைத்திறன், 500 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). டர்போ எஞ்சின் என்பதால் அந்த டார்க் குறைந்த சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது, மணிக்கு 65 மைல் வேகத்தில் எஞ்சின் அலட்டிக்கொள்ளவே இல்லை. டிரெய்லர் டயர்களுக்கு வேக வரம்பு குறைவு என்பதால் 65க்கு மேல் நாங்கள் போகவும் இல்லை.

ஆனால் பெட்ரோல் குடிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. காலியாகப் போனால் கேலனுக்கு 21 மைல் கொடுக்கும் வண்டி இன்று 8.1 கொடுத்தது. இதற்கு எடை பெரிய காரணம் இல்லை. எட்டடி அகலம், பத்தடி உயரத்துக்கு ஒரு சுவரைக் காற்றில் தள்ளிக்கொண்டு போகிறோம். எந்தக் கம்பெனி டிரக்காக இருந்தாலும் பெட்ரோல் எஞ்சின் என்றால் இந்த அளவு டிரெய்லருக்கு எட்டு, ஒன்பதுதான். அதனால் இழுப்பதற்கென்று வாங்குகிறவர்கள் டேங்க் அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். என்னுடையது 36 கேலன் டேங்க். அதே மாடலில் 23 கேலன் டேங்கும் உண்டு, அது இருந்தால் 150 மைலுக்கு ஒருதரம் டிரெய்லரோடு பங்கில் நுழைந்து திரும்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சில்ட்ரஸுக்கு அப்புறம் ஓர் ஓய்விடத்தில் மதியச் சாப்பாடு. தொட்டிக்குள்ளேயே கரண்ட் பிளக் இருக்கிறது, 2 கிலோவாட். 110 வோல்ட் மிக்ஸியை அதில் செருகி அம்மா தேங்காய்ச் சட்னி அரைத்தார். இட்லி காலையிலேயே அவித்து எடுத்துவந்தது. அன்றாடப் பயன் என்று கேட்டால் என் வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இந்த பிளக்தான். போன வருடம் புயலில் கரண்ட் போன ஒரு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜும் ஒரு மின்விசிறியும் இதில்தான் ஓடின.

சாயங்காலம் அமரில்லோ வந்து, தெற்கே கேன்யன் என்ற ஊர் வழியாக பாலோ டூரோ மாநிலப் பூங்கா. ஏறத்தாழ 120 மைல் நீளம், 800 அடி ஆழம், அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு என்கிறார்கள். தட்டையான புல்வெளியில் போய்க்கொண்டே இருக்கிறோம், திடீரென்று தரை சிவப்பாகக் கிழிந்து கீழே இறங்குகிறது. முகாம் இருப்பது அடியில். இறங்கும் சாலையில் 10 சதவீதச் சரிவு என்று பலகை.

அப்பா நிறுத்தச் சொன்னார். "எறங்கறதுக்கு முன்னால பிரேக்கைப் பாத்துரலாம்." மேலே இருந்த வண்டி நிறுத்தத்தில் இரண்டு சுற்று மெதுவாக ஓட்டச் சொல்லி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கச் சொன்னார். டாஷ்போர்டில் அதற்கென்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. நாலைந்து தடவை பிடித்துவிட்டு நிறுத்தினேன். அவர் இறங்கிப் போய் நான்கு டிரெய்லர் சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று சக்கரத்தில் அனல் அடிக்கிறது. வலது பின் சக்கரத்தில் ஒன்றுமே இல்லை, தொட்டால்கூடப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது.

அடியில் படுத்துப் பார்த்தால் பிரேக் காந்தத்துக்குப் போகும் இரண்டு ஒயரில் ஒன்று இணைப்பிலிருந்து கழன்று தொங்குகிறது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு பட்டறையில் பணம் கொடுத்துப் பிரேக் பார்க்கச் சொல்லி வாங்கிவந்தோம். டிரக்கின் திரையோ டிரெய்லர் இணைப்பு சரியாக இருக்கிறது என்று பச்சை காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சக்கரம் செத்திருப்பது அதற்குத் தெரியவில்லை. அப்பா பேனாக்கத்தியால் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி, ஆடாமல் இருக்க ஒரு கட்டுப்போட்டார். திரும்ப இரண்டு சுற்று. இப்போது நான்கும் சூடு.

இறங்கும்போது டோ/ஹால் மோடில், அதாவது பாரம் இழுப்பதற்கென்று இருக்கும் அமைப்பில் போட்டேன். பிரேக்கை ஒருதரம் அழுத்திவிட்டால் கியர்பெட்டி தானே இரண்டு கியர் கீழே இறக்கி எஞ்சினிலேயே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. அப்பா பின் சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். கொல்லிமலை 70 கொண்டை ஊசியும் இப்படிக் காதால் கேட்டு இறக்கியவர். கீழே வந்ததும், "பரவால்லடா, கியர்லயே நிக்குது" என்றார்.

இரண்டாம் நாள்: பாலோ டூரோ – டிரினிடாட்

இன்று ராமின் முறை. 220 பவுண்டு கணக்குப்படி உள்ளே ஓர் ஆள்தான் என்பதால் நான் மட்டும் ஏறி ஓட்டினேன், மச்சான் என் வண்டியை எடுத்துக்கொண்டார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், மூன்றில் உட்கார்ந்து ஓட்ட இதுதான் சுகம். பிக்கப் என்றாலே பின்னால் பட்டை வில் என்றிருந்த காலத்தில் 2009 மாடலிலேயே ராம் 1500க்குச் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது, மச்சானுடையதில் அதற்கும் பதிலாகக் காற்றுப் பை. டூமஸுக்கும் டால்ஹார்ட்டுக்கும் நடுவே கான்கிரீட் இணைப்புகளில் என் வண்டி டப் டப்பென்று சொல்லிக்கொண்டே போகும், இது உள்ளே விடவே இல்லை. டிரெய்லரை மாட்டியதும் பின்பக்கம் அமுங்கியதைத் தானே தூக்கிச் சமனாக்கிக்கொண்டது. பலரும் இதைப் பார்த்துவிட்டு ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் அதிகம் ஏற்றலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வண்டி நேராக நிற்கும், அச்சும் டயரும் சுமப்பது அதே 1,180தான்.

டெக்ஸாஸைத் தாண்டி நியூ மெக்சிகோவில் கிளேட்டன். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. இடதும் வலதும் அணைந்துபோன எரிமலைக் கூம்புகள், அதில் கப்புலின் ரொம்ப அழகு, உச்சி வரை சுற்றிக்கொண்டு ஒரு பாதை ஏறுகிறது. ராட்டனில் பெட்ரோல் போட்டுவிட்டு ராட்டன் கணவாய், 7,834 அடி.

ஹெமிக்கு 395 குதிரைத்திறன், எண்ணைப் பார்த்தால் என் வண்டிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் டர்போ இல்லாத எஞ்சின், உயரே போகப் போகக் காற்று மெலிவதால் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி இறங்கும். கணவாய் உச்சியில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருக்கும். 4,500 சுற்றில் கர்ஜித்துக்கொண்டு 55 மைலில் ஏறியது. எந்தச் சிரமமும் இல்லை, வலது தடத்தில் லாரிகளோடு லாரியாகப் போய்ச் சேர்ந்தோம். அந்த வி8 சத்தத்துக்காகவே மச்சான் இந்த வண்டியை வாங்கினார் என்பதும் எனக்குத் தெரியும், கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2025 மாடலில் ராம் 1500இலிருந்து ஹெமியை எடுத்துவிட்டு இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் எஞ்சின்களைப் போட்டார்கள், ஆட்கள் கேட்டுக் கேட்டு 2026க்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். சத்தத்துக்கு அப்படி ஒரு பற்று இங்கே.

டிரினிடாட் முகாமில் பக்கத்து இடத்தில் கான்சாஸ் விவசாயி ஒருவர், செவ்ரோலே சில்வராடோ டீசல், 3 லிட்டர் ஆறு சிலிண்டர். எங்களைவிடக் கொஞ்சம் சின்ன டிரெய்லர். இழுக்கும்போது கேலனுக்கு 12, 13 கிடைக்கிறது என்றார். அந்த எஞ்சினுக்குக் குதிரைத்திறன் 305தான், டார்க் 495. ஏற்றத்தில் அவசரப்படாமல் ஒரே சீராக ஏறும். அப்பாவுக்கு இந்த மனிதரோடு பாஷையே தேவைப்படவில்லை, இரண்டு பேரும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்கள். டீசல் சத்தம் கேட்டதும் முகத்தில் ஒரு வெளிச்சம்.

மூன்றாம், நான்காம் நாள்: கொலராடோ ஸ்பிரிங்ஸ்

130 மைல்தான், சீக்கிரம் வந்துவிட்டோம். அன்றும் ராம்தான். முகாமில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒன்றரை நாள் ஊர் சுற்றியதில் கடை, கோவில் என்று வீட்டில் அன்றாடம் செய்வதையெல்லாம் மூன்று வண்டியிலும் செய்து பார்த்தாயிற்று.

மூன்றும் 19 அடிக்கு மேல் நீளம், கண்ணாடி சேர்க்காமலே ஏறத்தாழ 80 அங்குல அகலம். மளிகைக் கடை நிறுத்தத்தில் கோட்டுக்குள் நிற்கவே நிற்காது, மூக்கோ வாலோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடைசி வரிசையில் போட்டுவிட்டு நடந்துவருவதுதான் வழக்கம். அடுக்குமாடி நிறுத்தம் என்றால் எனக்கு இன்னும் கை வியர்க்கும். டல்லாஸ் புறநகரில் இதைத் தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுகிறவர்கள் ஏராளம், நானும் ஓட்டுகிறேன், ஆனால் வீட்டில் இன்னொரு சின்னக் கார் இருப்பதால்தான் முடிகிறது. பிக்கப் ஒன்றே போதும் என்று யாராவது கேட்டால் முதலில் உங்கள் வீட்டு கராஜின் ஆழத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள் என்பேன். 20 அடி ஆழம் என்றால் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சாண்கூட மிஞ்சாது.

ஏறி இறங்குவதில் அம்மாவின் தீர்ப்பு தெளிவாக இருந்தது. அவருக்கு முழங்கால் வலி. ராமை நிறுத்தியதும் காற்றைவிட்டு இரண்டு அங்குலம் கீழே இறக்கிக்கொடுக்கலாம். மச்சான் வண்டியில் கதவைத் திறந்தால் படியும் தானே வெளியே வருகிறது. பின் சீட் கொஞ்சம் சாயும், தரை தட்டையாக இருக்கும், கால் நீட்டலாம். என் வண்டியில் அவர் ஏற நான் கையை மடக்கி முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. "தம்பி வண்டியிலயே வர்றேன், நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்று சொல்லிவிட்டார். ஒரு மகனாக எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம், வயதானவர்கள் தினமும் ஏறி இறங்குகிற வீட்டுக்கு அந்த ராம் மாதிரி ஒன்றுதான் சரி.

டன்ட்ராவில் குழந்தைகளுக்குப் பிடித்தது பின் கண்ணாடி. மற்ற பிக்கப்புகளில் நடுவில் ஒரு சின்னத் துண்டு நகரும், இதில் முழுக் கண்ணாடியும் கதவுக் கண்ணாடி மாதிரி கீழே இறங்கிவிடுகிறது. நான்கு ஜன்னலையும் அதையும் திறந்துவிட்டு, கார்டன் ஆஃப் தி காட்ஸின் சிவப்புப் பாறைகளுக்கு நடுவே மெதுவாகப் போனோம். பின்னால் பைக்ஸ் சிகரம், ஜூனிலும் உச்சியில் வெள்ளை.

ஐந்தாம் நாள்: ஐசன்ஹோவர் சுரங்கம்

இந்தப் பயணமே இந்த ஒரு நாளுக்காகத்தான். டென்வரிலிருந்து மேற்கே போகும் 70ஆம் நெடுஞ்சாலை மலையைக் குடைந்து ஐசன்ஹோவர் சுரங்கத்தில் நுழைகிறது. மேற்கு வாயில் 11,158 அடி, அமெரிக்க இன்டர்ஸ்டேட் சாலைகள் எதிலும் இதைவிட உயரமான இடம் கிடையாது. 1973இல் திறந்தது. மேற்கே இறங்கினால் சில்வர்தார்ன் வரை சுமார் எட்டு மைல் சரிவு.

இன்று டன்ட்ரா இழுத்தது. நண்பர் ஓட்ட, நானும் அப்பாவும் ஏறினோம், 540க்குள் 500. மற்ற ஏழு பேரும் என் வண்டியிலும் ராமிலும்.

டன்ட்ராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இழுக்கும் திறனை எப்படிச் சோதிப்பது என்று ஜே2807 என்ற பொதுவிதி வருவதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தது. 2011 மாடலிலேயே டொயோட்டா முதலில் அந்த விதிக்கு வந்தது, மற்றவர்கள் வர இன்னும் சில வருடம் ஆனது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டிலிருந்து ஏறும் 11.4 மைல் சாலைதான் அந்தச் சோதனையில் ஏற்றத்துக்கான அளவுகோல், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுக்க வைத்துக்கொண்டு, 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதில் டிரக்குக்குள் இருப்பது ஓட்டுநரும் ஒரு துணையும் மட்டும், ஆளுக்கு 150 பவுண்டு. குடும்பத்தோடு போகிறவருக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது, திரும்பத் திரும்பக் கதவு ஸ்டிக்கருக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

ஐடாகோ ஸ்பிரிங்ஸ், ஜார்ஜ்டவுன் தாண்டியதும் ஏற்றம் நிமிர்ந்து நின்றது. டன்ட்ராவின் 479 பவுண்டு-அடி டார்க் பத்தாயிரம் அடிக்கு மேலும் பெரிதாகக் குறையவில்லை, டர்போ காற்றை அழுத்திக் கொடுத்துவிடுகிறது. 60க்குக் கீழே இறங்காமலே சுரங்க வாயிலுக்கு வந்துவிட்டோம். 2022இலிருந்து இதற்கும் பின்னால் சுருள் ஸ்பிரிங். ராம் அளவு மெத்தென்று இல்லை, என் வண்டி அளவு குதிக்கவும் இல்லை.

சுரங்கம் 1.7 மைல். வெளியே வந்த நொடியிலேயே சாலை கீழே விழுகிறது, 7 சதவீதம் வரை. நண்பர் நான்காம் கியருக்கு இறக்கினார், அப்புறமும் வேகம் ஏறியதால் மூன்றாம் கியர். ஐந்து விநாடி பிரேக், விடுதல், மறுபடி ஏறவிட்டு ஐந்து விநாடி. காலை வைத்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். எங்களுக்கு முன்னால் போன லாரி ஒன்றின் சக்கரத்திலிருந்து புகை நாற்றம் ஏசி வழியாக உள்ளே வந்தது. வலது பக்கம் மலைச்சரிவில் ஏறும் சரளைப் பாதை, பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காகவே போட்டது, இந்த இறக்கத்தில் இரண்டு இருக்கின்றன. அப்பா தலையைத் திருப்பி அது கண்ணில் மறையும்வரை பார்த்தார்.

"நம்ம பக்கம் இப்புடி ஒண்ணு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவரோடு லாரி ஓட்டிய இரண்டு பேரை மலை இறக்கத்தில் இழந்தவர். நாங்கள் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

டில்லன் ஏரிக்கரையில் இறங்கியதும் அவர் வழக்கம்போலப் புறங்கையோடு நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தார். நான்கிலும் ஒரே அளவு சூடு.

ஆறு முதல் எட்டாம் நாள் வரை: திரும்புதல்

டில்லனில் ஒரு நாள் சும்மா இருந்தோம். ஏரி, மீன் பிடித்தல், குளிர், ரசம்.

ஏழாம் நாள் அதே மலையைக் கிழக்கு நோக்கி எஃப்-150இல் ஏறினேன். 60இல் அலுங்காமல் ஏறியது. டன்ட்ராவுக்கும் இதற்கும் ஏற்றத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. பின்னால் எடுக்கும்போது மட்டும் என் வண்டி ஜெயிக்கிறது. ஒரு குமிழைத் திருப்பினால் டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் போகிறது, ஸ்டியரிங்கை வண்டியே பார்த்துக்கொள்கிறது. கூட்டமான முகாமில் இருட்டில் ஒரே தடவையில் உள்ளே விட்டேன்.

வழியில் ஒரு சார்ஜிங் நிலையத்தில் மின்சார பிக்கப்பான எஃப்-150 லைட்னிங்கில் வந்த ஒரு குடும்பம் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது. அங்கே டிரெய்லரோடு நேராக நுழைந்து வெளியே வரும் இடம் இல்லை. இழுக்கும்போது ஓடும் தூரமும் பாதியாகிவிடுகிறது. ஊருக்குள் ஓட்ட அது அருமையான வண்டி, நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி நெடும்பயணத்துக்கு மட்டும் இன்னும் வசதி வரவில்லை.

சராசரி மைலேஜ், எங்கள் குறிப்பேட்டிலிருந்து: எஃப்-150 8.6, ராம் 8.3, டன்ட்ரா 8.8. இதை வைத்து யாரும் வண்டி வாங்க வேண்டாம், காற்றின் திசை மாறினால் இந்த வரிசையும் மாறிவிடும்.

என் முடிவு கேட்டால், டிரெய்லரை அடிக்கடி மாட்டுகிறவருக்கு நான் எஃப்-150ஐத்தான் சொல்வேன், பேலோடும் டேங்கும் அதில்தான் கைகொடுத்தன. வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் இழுத்து மீதி நாளெல்லாம் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு ராம். மதுரை நண்பர் தன் டன்ட்ராவை மாற்றப் போவதில்லை, மாற்ற எனக்கும் காரணம் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை

மச்சான் தூங்கவில்லை போலிருக்கிறது. காலை பத்து மணிக்கே கூப்பிட்டார், "மாமா, சும்மா பாத்துட்டு வரலாம், அப்பாவையும் கூட்டிட்டு வாங்க." வண்டி விற்கிற இடத்துக்குப் போனோம். ஒரே மாடல், ஒரே எஞ்சின், பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு டிரக். விற்பனையாளர் இழுக்கும் திறனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதற்குள் அப்பா முதல் வண்டியின் கதவைத் திறந்து குனிந்துவிட்டார். ஆங்கிலம் வாசிக்க மாட்டார், எண் வாசிப்பார்.

"ஆயிரத்து எரநூத்தி நாப்பது" என்றார். கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். கண்ணாடிக் கூரை இல்லாத, துணி சீட் போட்ட, சாதாரண வெள்ளை வண்டி.

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபது." மச்சான் அந்த வெள்ளை வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இது சாயுமா என்று கேட்டார். சாயாது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.